மீன் வாசனை என்று திட்டியிருந்த இடத்தில்தான் சமைத்தோம்

சிங்கப்பூரில் ஒரு வாடகை அறையைக் காட்டும் அந்த வீடியோவில் நான் முதலில் கவனித்தது வாணலியைத்தான். அடுப்பின் மேல் பளபளவென்று இருந்தது. கைப்பிடியில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. "அம்மா கையால சமைச்சு, நம்ம வீடு மாதிரி சாப்பிடலாம் மக்களே" என்று அதை எடுத்த பையன் சொல்லும்போது கேமரா அந்தச் சீட்டின் மேல் ஒரு நொடி நின்று நகர்ந்தது. நமக்காகப் புது வாணலி வாங்கி வைத்திருக்கிறார்களே, எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணனையோ அப்பாவையோ கணவரையோ பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு வேறு கேள்விகள். அவர்கள் தங்கும் விடுதிக்குள் நம்மை விடமாட்டார்கள். ஞாயிறு ஒரு நாள்தான் அவர்களுக்கு லீவு, அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை. அந்த ஒரு நாளை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் நம் பயணத்தின் பாதித் திட்டம்.

என் அண்ணன் மேற்குப் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறான். இரண்டு வருஷமாக ஊருக்கு வரவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போதே மதியச் சாப்பாட்டையும் பொட்டலமாகக் கொடுத்துவிடுவார்களாம். வெயிலில் கிடந்து அது மதியத்துக்குள் ஒரு மாதிரி ஆகிவிடும் என்று ஒருமுறை போனில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே நினைப்பு. போய் அவனுக்கு ஒரு வேளை சமைத்துப் போட வேண்டும். கோபுரம், பூங்கா, கடல் எதுவும் வேண்டாம். மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்து, வெங்காய வடகம் போட்டுக் காயவைத்து, பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்துக் கட்டினார்.

ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் கடைக்குப் போகிறேன். ஆட்களிடம் பேசத் தயங்குவேன், ஆனால் போனில் தேடிப் படிப்பது எனக்குச் சுலபம். அந்த வீடியோவை மட்டும் ஏழெட்டு முறை பார்த்திருப்பேன். அறைகளைப் பற்றி எத்தனையோ பேர் பேசியிருந்தாலும் அந்தப் பையன் பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு. "என்னாங்கறீங்க", "அங்கிட்டு" என்று அவன் சொன்னதைக் கேட்டதும் அம்மா, "நம்ம ஊருப் புள்ள, பொய் சொல்லாது" என்றார். அத்தோடு முடிவாகிவிட்டது. ஒரு இரவுக்கு நூற்றுப் பத்து வெள்ளி, ஐந்து இரவுக்கும் முன்கூட்டியே கட்டினோம். (அங்கே டாலரை வெள்ளி என்பார்கள். நீங்களும் அப்படியே சொல்லிப் பழகுங்கள்.)

கிளம்பும் முன் ஒன்று. சிங்கப்பூர் போய் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளைக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. ஆனால் தேடும்போது மேலே வந்து நிற்கும் சில தளங்கள் அரசாங்கத் தளம் மாதிரியே இருந்து பணம் கேட்கும். அவை விளம்பரமாக மேலே வந்தவை. பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படிப் போட்டிருக்கும். அதில் நான் ஏமாறவில்லை. அதனால் இனி எதிலும் ஏமாறமாட்டேன் என்று ஒரு தைரியம் வந்துவிட்டது.

திருச்சியிலிருந்து நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும். வெள்ளிக்கிழமை காலை இறங்கினோம். டாக்ஸி எடுக்காதீர்கள். விமான நிலையத்திலேயே ரயில் இருக்கிறது. ஒரே ஒரு நிறுத்தம் போய் எக்ஸ்போவில் மாறினால் நேராக லிட்டில் இந்தியாவில் வந்து இறங்கலாம். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள். ஆளுக்கு இரண்டு வெள்ளியை ஒட்டி ஆகும். பயண அட்டை பத்து வெள்ளி, அதில் ஐந்துதான் பயணத்துக்கு, மீதி அட்டைக்கே போய்விடும்.

அறை சிராங்கூன் சாலையிலிருந்து இரண்டு சந்து தள்ளி. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. அது வீடியோவிலும் இருந்தது, போகட்டும். உள்ளே சமையல் மேடை, அடுப்பு, அதே வாணலி. அம்மா சேலையைக்கூட மாற்றவில்லை. அடுப்பைத் திருகிப் பார்த்தார். மறுபடி திருகினார். நான் குனிந்து கீழே பார்த்தேன். கேஸ் குழாயே இல்லை. மேடைக்குள் ஒரு கெட்டிலும் மைக்ரோவேவும் இருந்தன.

கீழே வரவேற்பு மேசையில் இருந்தவர் பெயர் நளினி. அங்கேயே பிறந்து வளர்ந்தவர், முப்பது வயது இருக்கும், அந்த ஊர்க்காரர்கள் மாதிரி பேச்சின் கடைசியில் 'லா' போடுவார். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அம்மாதான் கேட்டார்.

"ஏம்மா, அடுப்பு பத்தமாட்டேங்குதே?"

"அது பத்தாது ஆன்ட்டி. ஷோவுக்கு வச்சது லா. இந்தக் கட்டடத்துல நெருப்பு அலவ் பண்ணமாட்டாங்க."

"வீடியோவுல சமைக்கலாம்னு சொன்னாரே அந்தத் தம்பி!"

"அவரு சமைச்சாரா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் யோசித்தேன். இல்லை. அவன் வாணலியைத் தூக்கிக் காட்டினான். சாப்பிடுவதையும் காட்டினான். நடுவில் ஒன்றும் இல்லை.

"அந்த வாணலிய நான்தான் எதிர்க்கடையில வாங்கிட்டு வந்தேன்" என்றார் நளினி. சிரிக்கவில்லை. "சாரி ஆன்ட்டி. வாராவாரம் யாராச்சும் வந்து கேக்குறாங்க."

அம்மா மேலே போய்ப் படுத்துக்கொண்டார். நான் வீடியோவை மறுபடி போட்டேன், இந்த முறை சத்தத்தை நிறுத்திவிட்டு. அந்தப் பேச்சு காதில் விழாதபோது அது வேறு வீடியோவாக இருந்தது. ஜன்னல் ஒருமுறைகூட வரவில்லை. எங்கள் அறையிலும் ஜன்னல் இல்லை. "காசு வாங்காமத்தான் சொல்றேன்" என்று அவன் சொல்லும் இடத்துக்கு நேர் கீழே, தள்ளுபடிக்கு அவன் பெயரிலேயே ஒரு குறியீடு இருந்தது. கருத்துகளில் நூற்றுக்கணக்கில் "சூப்பர் ப்ரோ". யாரோ ஒரு அம்மா மட்டும், "தம்பி, சாதம் வடிக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார். அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தான். பதில் போடவில்லை.

சாயங்காலம் பக்கத்தில் ஒரு உணவகத்துக்குப் போனோம். அதையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஐந்து நட்சத்திரமாகக் கொட்டிக் கிடந்தது. படிக்கும்போது ஒன்று உறுத்தியது. முக்கால்வாசிப் பேர் அங்கே பரிமாறும் ஒரு பையனைப் பெயர் சொல்லிப் புகழ்ந்திருந்தார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. உட்கார்ந்து பாதி சாப்பிடும்போது அந்தப் பையனே வந்தான். "அக்கா, அஞ்சு ஸ்டார் போட்டு என் பேரைச் சேர்த்துருங்க. லைம் ஜூஸ் ஃப்ரீ. மாசக் கடைசியில யார் பேரு நிறைய வந்திருக்குன்னு பாப்பாங்க" என்றான். முகத்தில் வேர்வை. எனக்குப் பாவமாக இருந்தது. எழுதியவர்களும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு நல்லது நினைத்தார்கள், ஜூஸ் குடித்தார்கள். ஆனால் என்னைப் போல் தொலைவில் இருந்து படிக்கிறவளுக்கு அது சாப்பாட்டுக்குச் சொன்ன சாட்சியாகத் தெரிந்தது. (சாம்பார் தண்ணீர். பதினெட்டு வெள்ளி இருவருக்கு.)

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஐந்து நட்சத்திரத்தை ஜூஸ் கொடுத்து வாங்கலாம். திட்டை யார் வாங்குவார்கள்? எங்கள் கடைக்கு ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் முதலில் அதை உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார்கள். வெளித்தையல் எல்லாரும் நன்றாகத்தான் போடுவார்கள்.

சனிக்கிழமை காலை உட்கார்ந்து, சுற்றுவட்டாரத்தில் சமையலறை இருப்பதாகச் சொல்லும் விடுதிகளின் மோசமான விமர்சனங்களை மட்டும் படித்தேன். ஆங்கிலம் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். நிறையத் திட்டுகளில் விஷயமே இல்லை. "மோசம், போகாதீர்கள்" என்பதும் "சூப்பர் ப்ரோ" மாதிரிதான். போட்டிக்காரன்கூட எழுதியிருக்கலாம். பிறகு ஜலான் புசார் பக்கம் ஒரு பழைய விடுதிக்கு ஒருவர் இரண்டு நட்சத்திரம் கொடுத்து எழுதியிருந்ததைப் பார்த்தேன். அறை சுத்தம், ஆனால் காலை ஏழு மணிக்கே கீழே யாரோ மீன் பொரிக்கிறார்கள், மசாலா நெடி இரண்டாம் மாடி வரை வருகிறது, என் சட்டையெல்லாம் அந்த வாசனை என்று கொதித்திருந்தார். இன்னொருவர் அதே விடுதிக்கு, இடது பக்க அடுப்பு சரியாகப் பற்றாது என்று மூன்று கொடுத்திருந்தார்.

அம்மாவை எழுப்பிப் படித்துக் காட்டினேன். இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தார். "அப்ப வலப்பக்கம் பத்துதுல்ல?" என்றார்.

போன் செய்ய வேண்டும். முன்பின் தெரியாதவரிடம், அதுவும் ஆங்கிலத்தில். கேள்வியை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு எண்ணைத் தட்டினேன். எடுத்தவர் ஒரு சீனப் பெரியவர்.

"அங்கிள், ஸ்டவ்... ஃபயர் கம்?"

"கம், கம்! வை நாட் கம்?" என்றார். பிறகு சந்தேகம் வந்த மாதிரி, "யூ குக் ஃபிஷ் ஆ?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "எஸ் அங்கிள்" என்றேன்.

அந்தப் பக்கம் பெருமூச்சு. "கேன் லா. ஓப்பன் விண்டோ ஃபர்ஸ்ட். லாஸ்ட் டைம் பீப்பிள் கம்ப்ளெயின்."

எனக்கு அதைவிட நல்ல பதில் தேவைப்படவில்லை. தங்குகிறவர்கள்தான் சமைக்கலாம், ஒரு விருந்தாளி பகலில் வந்து போகலாம் என்றார். ஒரு இரவு எழுபத்திரண்டு வெள்ளி.

நாங்கள் வைத்திருந்த பணத்தில் அது உதைத்தது. மீதி நாட்களின் காசைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்க அம்மா கீழே போனார், நானும் பின்னால் போனேன். நளினி முதலாளிக்குப் போன் செய்து பேசிவிட்டு வந்தார். பேச்சில் கொஞ்சம் சங்கடம்.

"மிச்ச நாள் காசைத் திருப்பித் தந்துடறாராம். ஆனா தங்கச்சி அஞ்சு ஸ்டார் போடணுமாம். தமிழ்ல, நாலஞ்சு வரி. அம்மாவும் பொண்ணுமா கிச்சன்ல நிக்கிற மாதிரி ஒரு ஃபோட்டோ."

"தமிழ்ல எதுக்கு?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"தமிழ்ல இருந்தாத்தான் உங்க ஊர் ஆளுங்க நம்புறாங்களாம்."

யோசித்துச் சொல்கிறோம் என்று மேலே வந்தோம். அம்மாவுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. "ரெண்டு வரி எழுதுனா தேஞ்சா போயிருவ? காசு வந்துரும். புள்ளைக்கு ஆக்கிப் போட்டுட்டு நிம்மதியாப் போவோம்" என்றார். சரிதான் என்றுதான் எனக்கும் பட்டது. அண்ணனுக்குப் போன் போட்டோம். சனிக்கிழமையும் அவனுக்கு வேலை உண்டு, தேநீர் இடைவேளையில் எடுத்தான். நடந்ததைக் கேட்டு முதலில் என்னைக் கிண்டல் செய்தான். "நம்ம பாப்பா சீனங்கிட்ட இங்கிலீஷ்ல பேசுச்சா? எனக்கே வேர்க்கும்!" பிறகு குரல் இறங்கியது. "ஆமா, எந்த வீடியோன்ன? எங்க ரூமு முத்தண்ணன் பொண்டாட்டி, பிள்ளையக் கூட்டிட்டு அடுத்த மாசம் வருது. அதுவும் இதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. அறை நல்லா இருக்கான்னு பாப்பாகிட்ட கேட்டுச் சொல்லச் சொன்னாரு."

அம்மா போனை வாங்கி, "அது என்ன கொண்டுட்டு வருதாம்?" என்று கேட்டார்.

"தெரியலம்மா. கருவாடு கொண்டு வரலாமான்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சாம்."

போனை வைத்தபின் அம்மா கொஞ்ச நேரம் வடகப் பொட்டலத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பறவைப் பூங்காவுக்கு டிக்கெட் வாங்கலையே இன்னும்?" என்றார். இல்லை, திங்கட்கிழமை போகலாம் என்று நான் அதற்கு ஒதுக்கிய காசு அப்படியே இருக்கிறது என்றேன். "வாங்காத. ஊருல இல்லாத குருவியா?"

நளினியிடம் நேராக முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எனக்குத் தமிழ் எழுத அவ்வளவா வராதுக்கா" என்று சொல்லிவிட்டு, ஒரு சின்னப் பையோடு ஜலான் புசாருக்கு நடந்தோம். பதினைந்து நிமிஷம். பெட்டிகள் பழைய அறையிலேயே இருந்தன, அதற்குத்தான் பணம் கட்டியாயிற்றே.

ஞாயிறு காலை ஆறரைக்கு, லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் தேக்கா சந்தை. மீன் வாங்கப் போகிறவர்கள் அந்த நேரத்துக்குப் போய்விடுங்கள், பிறகு நெரிசல். வஞ்சிரத்தை அங்கே தெங்கிரி என்கிறார்கள். அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்ததும் கடைக்காரர் ஒன்றும் பேசாமல் வேறு மீனை எடுத்துப் போட்டார். இரண்டு பெரிய துண்டு பன்னிரண்டு வெள்ளி. புளி, தக்காளி, சின்ன வெங்காயம் எல்லாம் அதே கட்டடத்தில்.

அங்கிள் சமையலறையில் எங்களுக்கு முன்பே வந்து ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார். இடது அடுப்பு உண்மையாகவே பற்றவில்லை. வலது அடுப்பில் குழம்பு கொதித்து வடகம் தாளித்தபோது அவர் கதவருகே வந்து தும்மினார், போனார், மறுபடி வந்தார்.

பத்து மணிக்கு அண்ணன் வந்தான். அவன் இடத்திலிருந்து பஸ்ஸும் ரயிலுமாக ஒன்றரை மணி நேரம். இளைத்திருந்தான், முன்கையில் தீப்பொறி பட்ட புள்ளிகள். அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் தட்டை வைத்தார். முதல் கவளத்தை அவன் வாயில் வைத்ததும் நாங்கள் இருவரும் அவன் முகத்தையே பார்த்தோம்.

"உப்பு கம்மிம்மா" என்றான்.

"ரெண்டு வருஷங் கழிச்சு ஆக்கிப் போட்டா குறையா சொல்ற?" அம்மா கரண்டியை ஓங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாக்கு நல்லாத்தான் இருக்கு. நாங்கூட செத்துப் போயிருக்கும்னு நெனச்சேன்" என்றார். உப்பைப் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவன் நான்கு முறை சாதம் வாங்கினான். பன்னிரண்டுக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், ஆனால் அங்கிள் இரண்டு மணி வரை எங்களை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தோம். கிளம்பும்போது, நல்லபடியாக எழுதட்டுமா என்று சைகையும் ஆங்கிலமுமாகக் கேட்டேன். பதறிவிட்டார். "நோ நீட், நோ நீட். லேட்டர் எவ்ரிபடி கம் குக்." எல்லாரும் சமைக்க வந்துவிடுவார்களாம்.

அதனால்தான் இரண்டு இடத்தின் பெயரும் இதில் இல்லை.

மீதி நாட்களில் காசில்லாமல் பார்த்தவை: ஒரு நிறுத்தம் ரயிலில் போய் டோபி காட் நிலையத்தில் இறங்கி, டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு நடந்தோம், கால் மணி நேரம். மெரினா பே கரையில் எட்டு மணி வாக்கில் தண்ணீர் மேல் விளக்கு ஆட்டம், இலவசம். அண்ணன் கூட வராததால் அம்மா பாதியில் கொட்டாவி விட்டார்.

நீங்கள் திட்டம் போடும்போது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். நான் காசு வாங்காமல் எழுதுகிறேன் என்று சொன்னால் அதை நம்பாதீர்கள், அந்தப் பையனும் அதையேதான் சொன்னான். நம் ஊர்ப் பேச்சு பேசுகிறான் என்பது அவன் எந்த ஊர் என்பதற்குத்தான் சாட்சி. பாராட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட, கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைகளைப் படியுங்கள், ஆனால் யாருக்குக் குறை என்று யோசியுங்கள். ஒருவருக்குச் சட்டையெல்லாம் நெடி, எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. உங்களுக்கு வேண்டியது வேறாக இருக்கலாம். அப்புறம், எதுவானாலும் ஒரு போன் செய்துவிடுங்கள். என்னாலேயே முடிந்தது.

புதன்கிழமை காலை கிளம்பினோம். சாவி கொடுக்கப் போனபோது மேசையில் நளினி மட்டும் இருந்தார்.

"ஓனர் கேக்கச் சொன்னாரு, ரிவ்யூ போட்டீங்களான்னு."

"போட்டேன்க்கா. நேத்து" என்றேன். "ரெண்டு ஸ்டார்."

அவர் போனை எடுத்துப் படித்தார். தமிழில் எழுதியிருந்தேன். படுக்கை சுத்தம், நளினி அக்கா தன்மையானவர், ஜன்னல் இல்லை, அடுப்பு எரியாது, சமைக்க நினைப்பவர்கள் வரவேண்டாம். அவர் மெதுவாகப் படித்து முடிக்கும் வரை எனக்குக் காது சூடாக இருந்தது.

"தமிழ் எழுத வராதுன்னீங்க?"

நான் சாவியை மேசை மேல் வைத்தேன்.

அவர் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாளைக்கு ஒரு ஃபேமிலி வருது. நேத்தே போன் பண்ணிட்டாங்க, குக்கர் இருக்குமான்னு. நீங்க சமைச்ச இடம் எங்க தங்கச்சி?"

அவருடைய போனை வாங்கி, வரைபடத்தில் அந்தக் கட்டடத்தைத் தேடிக் குறித்துக் கொடுத்தேன். வலது பக்க அடுப்பு என்றும் சொன்னேன்.